கண்டெடுத்ததைக் கைமாற்றும் முன்

2015 டிசம்பரில் அடையாறு கரைமீறி அனகாபுத்தூர்த் தெருக்களுக்குள் புகுந்தபோது, தண்ணீரோடு சேர்ந்து ஒரு செய்தியும் கைப்பேசிகளில் பரவியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் நீந்தி வருகின்றன என்பது அந்தச் செய்தி. மொட்டை மாடியில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பீதியைக் கொடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. செய்தி பொய். பண்ணையில் எல்லா முதலைகளும் பத்திரமாக இருப்பதாக நிர்வாகமே மறுப்பு வெளியிட்டது.

எட்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பர் தொடக்கத்தில், மிக்ஜாம் புயல் மழை கொட்டிக்கொண்டிருந்த இரவில் இன்னொரு வீடியோ வந்தது. பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை நிதானமாகக் கடந்து புதருக்குள் போகிறது. காருக்குள் இருந்து எடுத்த படம். 2015ஐ நினைவில் வைத்திருந்த பலருக்கு 'மறுபடியும் அதே கதை' என்று தள்ளத் தோன்றியிருக்கும். ஆனால் இம்முறை உண்மை. வனத்துறைச் செயலர் சுப்ரியா சாகு அன்றே விளக்கம் கொடுத்தார். சென்னைச் சுற்றுவட்டார நீர்நிலைகள் சிலவற்றில் நன்னீர் முதலைகள் இருக்கின்றன, அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கும் இயல்புடையவை, ஏரி நிரம்பி வழிந்ததால் ஒன்று வெளியே வந்திருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார்.

இந்த அத்தியாயம் இணையத்தில் கிடைக்கும் விசித்திரங்களையும் விந்தைகளையும் ஊராரோடு பகிர்வது பற்றியது. இரண்டு முதலைகளை முதலில் கொண்டு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 'நம்பவே முடியவில்லை, அதனால் பொய்யாகத்தான் இருக்கும்' என்பது சோதனை ஆகாது. 'நம் ஊர்ப் பெயர் இருக்கிறது, அதனால் உண்மையாக இருக்கும்' என்பதும் ஆகாது. எங்கே எடுத்தது, யார் எடுத்தது, அந்தப் பொருளுக்குப் பொறுப்பானவர் என்ன சொன்னார் என்ற மூன்றையும் கேட்டால்தான் 2015க்கும் 2023க்கும் வேறுபாடு தெரியும். 2015 செய்தியில் பண்ணையின் பெயர் இருந்ததே தவிர, முதலையைக் கண்ட இடமும் இல்லை, கண்டவரும் இல்லை. 2023 வீடியோவில் சாலைக்குப் பெயர் இருந்தது. அந்தச் சாலையில் தினமும் போகிறவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

வெறும் எச்சரிக்கையோடு இதை முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. பொய்ச் செய்தியைப் பற்றிப் பேசிப் பேசியே, பகிர்வதில் உள்ள ஆனந்தத்தை நாம் மறந்துவிட்டோம். காலை வணக்கப் படங்களுக்கும் மருத்துவக் குறிப்புகளுக்கும் நடுவில், நம் தெருவைப் பற்றிய ஒரு நிஜமான அதிசயம் வந்து விழுந்தால் அந்தக் குழு அன்று முழுக்க வேறு மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட அதிசயங்கள் அனகாபுத்தூரைச் சுற்றிக் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை நம் ஊரில் இல்லை. லண்டனிலும் அமெரிக்காவிலும் நைஜீரியாவிலும் இருக்கும் சேகரிப்புகளில், வேறு வேறு எழுத்துக்கூட்டலில் ஒளிந்திருக்கின்றன.

தேடுவது எப்படி: ஒரு துணியின் கதை

உதாரணத்துக்கு நெசவையே எடுத்துக்கொள்வோம். அனகாபுத்தூர் என்றாலே தறி என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இங்கே நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்ற வணிகப் பெயரில் நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. 1970களில் அந்நாடு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் சந்தை சரிந்தது. தறிகள் பல ஓய்ந்தன. பிறகு சி.சேகர் முன்னின்று, வாழை நாரிலும் பிற இயற்கை நார்களிலும் நெய்யும் குழு உருவானது. 25 வகை நார்களைச் சேர்த்து நெய்த சேலை லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. இவ்வளவு விவரம் எந்தத் தேடுபொறியிலும் முதல் பக்கத்தில் கிடைத்துவிடும். எல்லாரும் இங்கே நின்றுவிடுகிறார்கள். சுவையான பகுதி இதற்கு அப்பால்தான் தொடங்குகிறது.

நைஜீரியாவில் யார் அந்தத் துணியை வாங்கினார்கள்? எதற்கு? இதைக் கேட்டுத் தேடினால் நைஜர் ஆற்றுமுகத்தில் வாழும் கலபாரி மக்களிடம் போய்ச் சேர்வீர்கள். அவர்கள் இந்தக் கட்டத் துணியை 'இஞ்சிரி' என்கிறார்கள். குழந்தை பிறப்பு முதல் இறுதிச் சடங்கு வரை அதற்கு இடமுண்டு. பெட்டியில் வைத்துக் காத்துத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றும் சொத்து அது. அதைவிட வியப்பானது அவர்கள் அந்தத் துணியில் செய்யும் வேலை. கலபாரிப் பெண்கள் சிறு கத்தியாலோ பிளேடாலோ துணியின் நூல்களில் சிலவற்றை மட்டும் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறார்கள். மிஞ்சும் நூல்களில் ஒரு புதிய கோலம் தோன்றுகிறது. அதற்கு 'பெலெட்டெ பிட்டெ' என்று பெயர். பாவும் ஊடையும் கோத்து இங்கே ஒருவர் நெய்ததை, அங்கே ஒருவர் பாதி பிரித்துத் தன்னுடையதாக்கிக்கொள்கிறார். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் ஐக்கரும் கலபாரி அறிஞர் டோன்யே எரெகோசிமாவும் இதைப் பற்றி 1980களிலிருந்து விரிவாக எழுதியிருக்கிறார்கள். வெளியூர்ப் பொருளை ஒரு சமூகம் தன் பண்பாட்டுக்குள் எப்படி இழுத்துக்கொள்கிறது என்ற அவர்களுடைய கோட்பாட்டுக்கே இந்தத் துணிதான் அடிப்படை. அதே பல்கலைக்கழகத்தில் சாண்ட்ரா எவன்சன் மெட்ராஸ் துணியின் உற்பத்தி, வணிக வரலாற்றையே முனைவர் பட்ட ஆய்வாக 1994இல் சமர்ப்பித்தார்.

'அனகாபுத்தூர்' என்று மட்டும் தேடினால் இது எதுவும் வராது. ஆகவே முதல் பாடம்: வாங்கியவன் என்ன பெயர் சொன்னான் என்று தெரிந்துகொண்டு அந்தப் பெயரில் தேடுங்கள். மியூசியப் பட்டியல் எழுதியவருக்கு நம் ஊர் தெரியாது. 'இஞ்சிரி', 'கலபாரி', 'மெட்ராஸ்' என்றுதான் எழுதியிருப்பார்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் நம் ஊர்ப் பெயரை நடுவில் 'கே' போட்டும் எழுதுகிறார்கள், 'ஜி' போட்டும் எழுதுகிறார்கள். 'புத்தூர்' பகுதியில் 'எச்' சில நேரம் இருக்கும், சில நேரம் இராது. பல்லவரத்துக்குப் பழைய ராணுவ ஆவணங்களில் ஒற்றை 'எல்', நடுவில் 'இ' போட்ட எழுத்துக்கூட்டல் உண்டு. இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடுகிறவர் 19ஆம் நூற்றாண்டு முழுவதையும் தவறவிடுவார். தமிழிலும் 'அனகாப்புத்தூர்' என்று ஒற்று மிகுத்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஒரு தாளில் எல்லா வடிவங்களையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது நல்லது. இன்னொன்று: 2021 நவம்பர் வரை அனகாபுத்தூர் தனி நகராட்சி, அதன் பிறகுதான் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. மாவட்டமும் மாறியிருக்கிறது. பழைய செய்திகள் காஞ்சிபுரம் மாவட்டம் என்றிருக்கும், அதற்கும் முன்னவை செங்கல்பட்டு என்றிருக்கும்.

துணியைப் பற்றித் தேடுகிறவர்களுக்கு ஒரு தனிப் பரிந்துரை உண்டு. 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளை நிஜமாகவே வெட்டி ஒட்டி 18 தொகுதிகள் வெளியிட்டார். மொத்தம் 700 துணுக்குகள். அவற்றில் சென்னை மாகாணத்தின் லுங்கிகளும் கைக்குட்டைத் துணிகளும் இருக்கின்றன. நீளம், அகலம், எடை, விலை, கிடைத்த ஊர் எல்லாம் குறித்திருக்கிறது. மொத்தம் 20 செட் தயாரித்தார்கள். 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. நோக்கம் கலை அல்ல. இந்தியர் எதை உடுத்துகிறார்கள் என்று இங்கிலாந்து ஆலை முதலாளிகள் பார்த்து, அதே மாதிரி இயந்திரத்தில் நெய்து நமக்கே விற்க வேண்டும் என்பதுதான். பருத்தி ஆலைகளுக்குப் பேர்போன பிரெஸ்டன் நகரின் ஹாரிஸ் மியூசியம் தன்னிடம் இருக்கும் செட்டை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. கைப்பேசியில் பெரிதாக்கினால் நூலின் முறுக்கு வரை தெரிகிறது. 150 ஆண்டுக்கு முந்தைய தறிக்காரரின் கைவேலையை இவ்வளவு அருகில் பார்க்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

தமிழில் தேடுவதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. ஈழத்து அச்சுக்கு நூலகம் தளம் இருக்கிறது. பழைய அரசிதழ்களுக்கும் ஆங்கில அறிக்கைகளுக்கும் இன்டர்நெட் ஆர்கைவ். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனகாபுத்தூரிலிருந்து நேரில் போய் வருவதே எளிது.

சரிபார்ப்பது எப்படி: கல்லும் கல்லறையும்

நம் பக்கத்து ஊர் பல்லவரத்தைப் பற்றி ஆண்டுதோறும் சுற்றுகிற ஒரு பெருமை உண்டு. 'உலகின் மிகப் பழைய கோடரி கிடைத்த ஊர்' என்று யாராவது அனுப்பினால் எப்படிச் சோதிப்பீர்கள்?

மூலத்துக்குப் போங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லவரம் ராணுவத் திடலருகே, சரளை தோண்டிய பள்ளத்தில், மனிதன் கையால் செதுக்கிய ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அறிவியல் முறையில் கிடைத்த முதல் சான்று அது. சில மாதம் கழித்து, வில்லியம் கிங்கோடு சேர்ந்து, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் இன்னும் பெரிய குவியலைக் கண்டார். 1866இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவர் திரட்டியவை பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

அந்தப் பெருமையோடு சேர்ந்து வரும் '15 லட்சம் ஆண்டு' என்ற எண் எங்கிருந்து வந்தது? 2011இல் சாந்தி பப்புவும் உடன் ஆய்வாளர்களும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கணிப்பு அது. அதிரம்பாக்கத்து மண்ணடுக்குகளில் கிடைத்த கருவிகளுக்கு உரியது. பல்லவரத்தின் நாளும் அதிரம்பாக்கத்தின் வயதும் ஒட்டிக்கொண்டால், இரண்டும் தனித்தனியே உண்மையாக இருந்தும் சேர்ந்தால் தவறாகிவிடும். வாட்ஸ்அப் செய்திகளில் அதிகம் நடப்பது முழுப் பொய் அல்ல, இந்த மாதிரி ஒட்டுவேலைதான் என்பது என் அனுபவம். ஆகவே ஒரு செய்தியில் ஊர், ஆண்டு, எண் என மூன்று விவரம் இருந்தால் மூன்றையும் தனித்தனியே தேடுங்கள். 'இந்தியாவில் முதலில் கண்டெடுக்கப்பட்ட பழைய கற்காலக் கருவி' என்பதே போதுமான அதிசயம். அதை 'உலகின் மிகப் பழையது' ஆக்க வேண்டிய தேவை பல்லவரத்துக்கு இல்லை.

இன்னொரு கல் இருக்கிறது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் இருக்கும் பலகைக்கல்லும் நம் பரங்கிமலை, பல்லவரம் குன்றுகளின் கருங்கல்லும் ஒரே வகை. தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் அந்தக் கல்லறைப் பலகையை ஆராய்ந்து எழுதும்போது, அந்தப் பாறை வகைக்குச் 'சார்னகைட்' என்று பெயர் சூட்டினார். இன்று உலகம் முழுக்கப் பாறையியல் பாடத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. பரங்கிமலையில் உள்ள பாறையைப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். பகிரத் தகுந்த செய்தி. ஆனால் இதை அனுப்புகிறவர்கள் கூடவே 'கல்கத்தாவை நிறுவிய சார்னாக்' என்றும் சேர்த்துவிடுகிறார்கள். அவரை நகரின் நிறுவனர் என்று சொல்ல முடியாது என்று 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கல்லின் கதைக்கு அந்தப் பட்டம் தேவையே இல்லை; எடுத்துவிட்டு அனுப்பினால் செய்தி இன்னும் உறுதியாகும். தேவையற்ற அடைமொழியில்தான் பெரும்பாலான தவறுகள் உட்கார்ந்திருக்கின்றன.

துணிக்கே திரும்புவோம். இணையத்தில் மெட்ராஸ் துணி என்று தேடினால் உடனே வருவது 'சாயம் போகும் மெட்ராஸ்' கதை. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வணிகர், பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் கட்டத் துணி வாங்கினார். குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரவில்லை. ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டை வாங்கியவர்களின் துணியெல்லாம் சாயம் ஏறியது. பிறகு விளம்பரக்காரர்கள் 'சாயம் போகும் என்று உத்தரவாதம்' என்று அதையே பெருமையாக மாற்றி விற்றார்கள். படிக்கப் படிக்கச் சுவையான கதை. ஆனால் நாம் படிக்கும் வடிவம் பெரும்பாலும் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. ஒரு பக்கத்தில் உள்ள விவரம் இன்னொன்றில் மாறியிருக்கும். பகிர்வதானால் 'இப்படிச் சொல்லப்படுகிறது' என்ற சொல்லோடு பகிருங்கள். முடிந்தால் 1960களின் அமெரிக்கப் பத்திரிகை விளம்பரம் ஒன்றைத் தேடி எடுத்துக் கூட வையுங்கள். அந்தக் காலத்துக் காகிதம் ஒன்றே பத்து மறுகூற்றுகளைவிட மேல்.

முக்கியமாக, அந்தத் துணி அனகாபுத்தூரில் நெய்தது என்று ஒருபோதும் சேர்க்காதீர்கள். இந்த ஆசை எல்லாருக்கும் வரும். நம் ஊரில் மெட்ராஸ் துணி நெய்தார்கள், அமெரிக்காவில் மெட்ராஸ் துணி பிரபலமானது, ஆகவே நம் துணிதான் என்று மனம் தானாகவே கோத்துக்கொள்ளும். சென்னை மாகாணம் பெரியது. ஆந்திரத்துச் சீராலை வட்டாரத்திலும் கைக்குட்டைத் துணி நெய்தார்கள். நைஜீரியாத் தொடர்புக்கு நம்மிடம் ஆள்சாட்சி உண்டு. அமெரிக்கத் தொடர்புக்குச் சான்று கிடைக்கும்வரை காத்திருப்பதே நெய்தவர்களுக்குச் செய்யும் மரியாதை.

படங்கள்

படம் வந்தால் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ போட்டுப் பாருங்கள். வீடியோவானால் நடுவில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் போடுங்கள். 'நேற்று நடந்தது' என்ற படம் நான்கு ஆண்டுக்கு முன்பே எங்காவது இருந்தால் விஷயம் முடிந்தது. அதிகாரபூர்வமான இடத்திலிருந்து வந்தாலும் இதைச் செய்யலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது பிரதமர் விமான ஜன்னல் வழியே பார்ப்பதாகப் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்ட படத்தில், ஜன்னலுக்குள் வேறு படம் ஒட்டியிருந்தது தெரிந்து, அதை நீக்க வேண்டி வந்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வரைந்த 'பழைய மெட்ராஸ்' படங்கள் ஏராளமாக வருகின்றன. கடைப்பலகையில் உள்ள தமிழ் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து போலத் தோன்றும், படிக்க வராது. தறி இருக்கும் படமானால் இன்னும் நல்ல வழி ஒன்று நம் ஊரில் இருக்கிறது: நெய்யத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பாவு நூல் விழுதுக்குள் போகிறதா, அச்சுக்குள் போகிறதா, கால்மிதி எங்கே, நாடா எந்தக் கையில் என்று அவர் கண் நேரே அங்கேதான் போகும். எந்த இயந்திரத்தைவிடவும் விரைவாகப் பிடித்துவிடுவார்.

அதே ஆளிடம் கலபாரித் துணியின் படத்தையும் காட்டுங்கள். இந்தப் புத்தகத்தில் நான் சொல்லும் எல்லா யோசனைகளிலும் இதைத்தான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இங்கே தறியில் உட்கார்ந்தவர்களில் பலருக்குத் துணி நைஜீரியா போகிறது என்று தெரியும். அங்கே போய் என்ன ஆயிற்று என்று யாரும் வந்து சொன்னதில்லை. மின்னசோட்டாவில் ஆய்வேடு எழுதியாயிற்று, லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் சேகரித்து வைத்தாயிற்று. நெய்தவரின் வீட்டுக்கு அந்தப் படம் வந்து சேரவில்லை என்றால், பகிர்தல் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? 'தாத்தா, நீங்க நெஞ்ச துணிய அங்க இப்படிப் பிரிச்சு உடுத்துறாங்க, பாருங்க' என்று காட்டுங்கள். அவர் சொல்வதை, அனுமதி கேட்டுக்கொண்டு, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கட்டத்துக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள், எந்தச் சாயப்பட்டறையிலிருந்து நூல் வந்தது, கூலி எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதெல்லாம் எந்த மியூசியப் பட்டியலிலும் இல்லாத விவரம். அது இணையத்திலிருந்து எடுத்ததாக இராது. இணையம் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதாக இருக்கும்.

எழுதி அனுப்புவது

நீளமாக எழுதாதீர்கள். கீழே ஒரு மாதிரி கொடுக்கிறேன்.

'நைஜீரியாவில் கலபாரி மக்கள், சென்னைப் பக்கம் நெய்த கட்டத் துணியில் நூல்களை அறுத்து உருவிப் புதுக் கோலம் உண்டாக்குகிறார்கள். படம் இன்ன மியூசியத்தின் சேகரிப்பு, எண் இது, லிங்க் கீழே. அனகாபுத்தூரிலும் அந்நாட்டுக்கு இந்த வகைத் துணி நெய்தார்கள். படத்தில் இருப்பது நம் ஊர்த் துணிதானா என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது நெய்திருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.'

இதில் அதிசயம் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. ஆதாரம் அடுத்த வரியில். எது உறுதி, எது உறுதியில்லை என்பதற்கு ஒவ்வொரு வரி. கடைசியில் படிக்கிறவருக்கு ஒரு வேலை. 'அனைவருக்கும் பகிரவும்', 'தமிழனாக இருந்தால் பகிரவும்' போன்ற சொற்களை அறவே விடுங்கள். நல்ல செய்தி யாரும் தள்ளாமலே நகரும்.

படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். நூல் தெரியாமல் போகும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். லிங்க் இல்லாமல் ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பாதீர்கள். இணையப் பக்கங்கள் மறைந்துபோகும் என்பதால், வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்து, அந்த முகவரியையும் சேர்த்துக்கொள்வது நல்ல பழக்கம். உங்களுக்கு வரும் செய்தியில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. அதை அப்படியே தள்ளாமல், மேலே சொன்னபடி மூலத்தைத் தேடி, உங்கள் சொந்தச் சொல்லில் எழுதி அனுப்புங்கள்.

உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்மித்சோனியன், மெட் போன்ற அமெரிக்க அருங்காட்சியகங்கள் லட்சக்கணக்கான படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கின்றன. எல்லா மியூசியமும் அப்படியல்ல; படத்துக்குக் கீழே உள்ள உரிமைக் குறிப்பைப் படியுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு ஆன பிறகே அவர் நூல் பொதுவுடைமை ஆகும். பக்கத்து வீட்டு அம்மா நார் பிரிக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர் சம்மதம் இல்லாமல் போகக் கூடாது. முகம் வேண்டாம் என்றால் கையை மட்டும் எடுங்கள். வீட்டு எண், கைப்பேசி எண் எதுவும் படத்தில் விழாமல் பாருங்கள்.

குழுவில் பெரியவர் ஒருவர் தவறான செய்தியைப் போட்டுவிட்டால்? எல்லார் முன்னும் 'பொய்' என்று எழுதாதீர்கள். தனியாக அழைத்து, 'பெரியப்பா, நீங்க போட்டது ரொம்ப நல்ல விஷயம், ஆனா அந்த வயசு அதிரம்பாக்கத்துக் கல்லோடதாம், இந்தக் கட்டுரையப் பாருங்க' என்று மூலத்தை அனுப்புங்கள். பெரும்பாலும் அவரே திருத்திப் போடுவார். திருத்தாவிட்டாலும், சரியான செய்தியை அடுத்த நாள் உங்கள் பெயரில், யாரையும் சுட்டாமல் போடலாம். வெள்ளம், நோய், குழந்தை கடத்தல் பற்றிய செய்தியானால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே குழுவிலேயே மறுப்பு வேண்டும். அதில் யாருடைய மனம் நோகும் என்று பார்க்க நேரமில்லை.

சேர்த்து வைப்பது

வாட்ஸ்அப்பில் போட்டது இரண்டு நாளில் மேலே போய்விடும். கைப்பேசி மாற்றினால் அதுவும் போய்விடும். ஆகவே உறுதியான விவரம் கிடைத்ததும் அதைத் தேடினால் கிடைக்கிற இடத்தில் வையுங்கள். 2003இலிருந்து இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் அனகாபுத்தூர்க் கட்டுரையைத் திறந்து, அச்சில் வந்த ஆதாரத்தோடு ஒரு வரி சேர்த்தாலும் போதும். நீங்களே எடுத்த தறிப் படங்களை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம். விளக்கத்தில் ஊர்ப் பெயரைத் தமிழிலும், ஆங்கிலத்தில் 'கே', 'ஜி' இரண்டு எழுத்துக்கூட்டலிலும் எழுதுங்கள். 'இஞ்சிரி' என்ற சொல்லையும் சேருங்கள். கலபாரி நாட்டில் தன் பாட்டியின் பெட்டியைத் திறந்து, இந்தத் துணி எங்கே நெய்தது என்று தேடுகிற ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு சொல்தான் வழி.